பேரனின் தொப்பி

கண்ணுகளா, ஊட்டி போகத் தொப்பி வேணும்னு பேரன் போனில் ரெண்டு படம் காட்டினான். ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ தொடரில் போடுவார்களே, அது மாதிரியாம். எட்டுத் துண்டு சேர்த்து உச்சியில் பொத்தான் வைத்துத் தைத்திருந்தால்தான் அது நியூஸ்பாய் தொப்பி. கம்பளியில் எடு, தலையை நூல் சுற்றி அளந்துக்கோ என்றேன். வாத்தியாரிடம் கேட்டால் அதோடு விடுவேனா?

இங்கிலாந்தில் 1571-இல் ஒரு சட்டம். பிரபுக்கள் நீங்கலாக, ஆறு வயது தாண்டிய ஆண்கள் ஞாயிற்றுக்கிழமையும் விழா நாட்களிலும் கம்பளித் தொப்பி போட வேண்டும். கம்பளித் தொழிலைக் காப்பாற்றத்தான்! 1597-இல் சட்டம் போனது. தொப்பி உழைப்பாளிகள் தலையிலேயே தங்கிவிட்டது.

நியூஸ்பாய் என்ற பேர் தெருவில் பேப்பர் விற்ற பையன்களால் வந்தது. 1899 ஜூனில் நம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓட ஆரம்பித்தது. அடுத்த மாதமே நியூயார்க்கில் அந்தப் பையன்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நூறு பேப்பரை அவர்களுக்கு 50 சென்டுக்குக் கொடுத்துவந்த புலிட்சரும் ஹெர்ஸ்டும் போர்க்காலத்தில் 60 ஆக்கினார்கள். போர் முடிந்தும் குறைக்கவில்லை. இரண்டு வாரப் போராட்டத்துக்குப் பிறகும் விலை இறங்கவில்லை. ஆனால் விற்காத பேப்பரைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். அதுவரை மிஞ்சியதெல்லாம் பையன்கள் தலையில்தான்.

காரமடையில் என் வகுப்பிலும் ஒருத்தன் விடியக்காலையில் பேப்பர் போட்டுவிட்டு வந்து முதல் பீரியடில் தூங்குவான். ஏன் என்று கேட்காமலே பெஞ்சு மேல் ஏற்றினேன். இதைப் படிக்கிறாயா கண்ணு? படித்தால் ஒரு வார்த்தை எழுது.

பேரன் சாம்பல் நிறத்தில் எடுத்திருக்கிறான். எட்டுத் துண்டுதான், எண்ணிப் பார்த்தேன்.