தமிழ் தெரியாமல் வந்து 8 தமிழ்ப் படங்களில் நடித்த 'துரையம்மா': எமி ஜாக்சன் சினிமாவுக்கு வந்த கதை

அனந்தபுரம்,-

செஞ்சிக் கோட்டையை 1761-ம் ஆண்டு பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்து பிடித்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ துரைமார்கள், துரைசானிகள் இந்தப் பக்கம் வந்து போய்விட்டார்கள். ஆனால் ராணி எலிசபெத்தை விட்டால், அனந்தபுரம், செஞ்சி வட்டார ஜனங்களுக்கு பெயரைச் சொன்னதும் முகம் ஞாபகம் வருகிற இங்கிலாந்துக்காரி எமி ஜாக்சன் தான். கோட்டை ஏற வரும் வெள்ளைக்கார பெண்களைப் பார்த்து, "டேய், எமி ஜாக்சன்டா" என்று கிசுகிசுக்கும் பொடிசுகள் இன்னமும் உண்டு.

யார் இந்த எமி? தமிழில் ஒரு வார்த்தை கூட தெரியாதவர் விக்ரம், விஜய், தனுஷ், ரஜினி என்று வரிசையாக ஜோடி சேர்ந்தது எப்படி?

அழகிப் போட்டி

எமி பிறந்தது 1992-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி. ஊர், இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் கடலில் கிடக்கும் 'ஐல் ஆப் மேன்' என்ற குட்டித் தீவு. வளர்ந்தது எல்லாம் லிவர்பூல் நகரத்தில். கால்பந்து பார்க்கிறவர்களுக்கு இந்த ஊரைச் சொல்லத் தேவையில்லை. துறைமுக ஊர், உழைக்கும் ஜனங்கள் நிறைந்த ஊர்.

பள்ளியில் படிக்கும்போதே மாடலிங்கில் இறங்கினார். 2009-ல் 'மிஸ் டீன் வேர்ல்ட்' பட்டம் கிடைத்தது. 2010-ல் 'மிஸ் லிவர்பூல்' ஆனார். அதே வருஷம் 'மிஸ் இங்கிலாந்து' போட்டியில் 2-வது இடம். முதல் இடம் கிடைத்திருந்தால் அவருடைய பாதை எப்படிப் போயிருக்குமோ! ஏனென்றால் அதற்குள் சென்னையில் இருந்து அழைப்பு வந்து, படமும் முடிந்துவிட்டது.

போட்டோ தேடித் தந்த வாய்ப்பு

டைரக்டர் ஏ.எல்.விஜய் அப்போது 'மதராசபட்டினம்' படத்துக்கு ஒரு வெள்ளைக்கார பெண்ணைத் தேடிக்கொண்டு இருந்தார். இன்டர்நெட்டில் எமியின் அழகிப் போட்டி போட்டோ கண்ணில் பட்டது. நடிப்பு அனுபவம் கிடையாது, இந்தியா எப்படி இருக்கும் என்றும் தெரியாது. அப்படியும் தைரியமாக விமானம் ஏறி வந்தார். படம் 2010-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி ரிலீஸ் ஆனபோது அவருக்கு வயது 18.

கதையை மறந்தவர்களுக்காக: சென்னை மாகாண கவர்னரின் மகள் எமி. சலவைத் தொழிலாளியும் மல்யுத்த வீரருமான இளம்பரிதியாக ஆர்யா. துணி வெளுக்கும் ஜனங்கள் குடியிருக்கும் இடத்தை எடுத்துக்கொண்டு அங்கே கோல்ப் மைதானம் கட்டப் பார்க்கிறான் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. அதை எதிர்த்து நிற்கிறவன் மீது கவர்னர் மகளுக்கு காதல். சுதந்திரம் கிடைக்கிற ராத்திரியில் இருவரும் பிரிகிறார்கள். 60 வருஷத்துக்கு மேல் கழித்து, கிழவியான எமி அவனைத் தேடி சென்னைக்கு வருகிறார்.

பெரிய படங்களில் சலவைத் தொழிலாளி ஹீரோவாக வருவது எத்தனை முறை நடந்திருக்கிறது? விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனாலேயே உழைக்கிற ஜனங்களுக்கு இந்தப் படம் பிடித்துப் போனது. பரிதி அவளைக் கூப்பிடும் 'துரையம்மா' என்ற பெயரும் நிலைத்துவிட்டது. தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக கற்றுக்கொண்டு திக்கித் திக்கிப் பேசும் பெண்ணாக எமி நடிக்கவில்லை என்றே சொல்லணும். நிஜமாகவே அவர் அப்போது அந்த நிலையில் தான் இருந்தார். எழுதிக் கொடுத்த வசனத்தை அர்த்தம் கேட்டு, மனப்பாடம் செய்து பேசினார். அந்த தடுமாற்றம் வேடத்துக்குப் பொருந்தியது.

திரும்பிப் போகவில்லை

இந்தி 'லகான்' படத்தில் 2001-ல் நடித்த ரேச்சல் ஷெல்லியும் இங்கிலாந்துக்காரர் தான். ஒரு படத்தோடு ஊருக்குப் போய்விட்டார். எமியும் அப்படித்தான் போவார் என்று கோடம்பாக்கத்தில் பேசிக்கொண்டார்கள். வெள்ளைக்காரிக்கு எத்தனை கதை தான் எழுதுவார்கள்?

ஆனால் நடந்தது வேறு. 2012-ல் கவுதம் மேனன் 'விண்ணைத்தாண்டி வருவாயா' படத்தை இந்தியில் 'ஏக் தீவானா தா' என்று எடுத்தார். திரிஷா நடித்த ஜெஸ்ஸி வேடத்தில் எமி! அதாவது மலையாளத்து கிறிஸ்தவ பெண்ணாக லிவர்பூல் பெண். படம் ஓடவில்லை. அதே ஆண்டு விக்ரமுடன் 'தாண்டவம்', 2014-ல் ராம்சரணுடன் தெலுங்கு 'எவடு'.

அதற்குப் பிறகு தான் பெரிய மீன் வலையில் விழுந்தது. ஷங்கரின் 'ஐ', 2015 பொங்கலுக்கு வந்தது. வடசென்னை பாடிபில்டர் லிங்கேசனாக விக்ரம், அவன் உயிரை விடும் பிரபல மாடல் தியாவாக எமி. அவர் விளம்பரத்தில் வரும் சாமான் எதுவானாலும் வாங்கிவிடும் ரசிகனாக விக்ரம் செய்த கூத்தை யாரும் மறந்திருக்க மாட்டாங்க. மாடலாக இருந்தவருக்கே மாடல் வேடம் என்பதால் எமிக்கு அது தண்ணி பட்ட பாடு. சீனாவில் எல்லாம் படப்பிடிப்பு நடந்தது.

இந்த ஒரு படத்தால் மார்க்கெட் எகிறியது. 2015 அக்டோபரில் அக்‌ஷய்குமாருடன் 'சிங் இஸ் பிளிங்' இந்திப் படம். டிசம்பரில் தனுசுடன் 'தங்கமகன்', 2016 பொங்கலுக்கு உதயநிதி ஸ்டாலினுடன் 'கெத்து', தமிழ் புத்தாண்டுக்கு விஜய்யுடன் 'தெறி'. 4 மாதத்துக்குள் 3 தமிழ்ப் படங்கள். தமிழே தாய்மொழியாக உள்ள எந்த நடிகைக்கு அப்போது இந்த வேகம் இருந்தது?

கறுப்பு விக், இரவல் குரல்

இங்கே தான் ஒரு விஷயத்தைப் பேசியாகணும். 'தெறி' படத்தில் எமிக்கு என்ன வேடம்? கேரளாவில் பாடம் நடத்தும் ஆனி டீச்சர். கறுப்பு விக் மாட்டி, கண்ணாடி போட்டு, நம்ம பக்கத்து பெண்ணாக மாற்றினார்கள். கேரளாவில் நிஜமான டீச்சரம்மா மாதிரி இருக்கிற நடிகைகளுக்கு என்ன பஞ்சமா?

குரலும் அப்படித்தான். 'ஐ' படத்தில் தியா பேசும் தமிழ், டப்பிங் கலைஞர் ரவீனா ரவியுடையது. இவருடைய அம்மா ஸ்ரீஜா ரவியும் பெயர் பெற்ற டப்பிங் கலைஞர். இதில் எமியை மட்டும் குறை சொல்ல முடியாது. சிம்ரன், ஜோதிகாவுக்கு சவீதா ரெட்டி குரல் கொடுத்த காலத்தில் இருந்து நம்ம சினிமாவில் இது நடைமுறை. முகம் ஒருத்தருக்கு, குரல் இன்னொருத்தருக்கு. கைத்தட்டல் முகத்துக்கு மட்டும்.

ரவீனா ரவி கதை வேறு மாதிரி திரும்பியது. 2017-ல் வந்த 'ஒரு கிடாயின் கருணை மனு' படத்தில் அவரே திரைக்கு வந்தார். 2023-ல் 'மாமன்னன்' படத்தில் பகத் பாசிலின் மனைவியாக, வசனம் அதிகம் இல்லாமலே மிரட்டினார். இத்தனை வருஷம் குரலை மட்டும் கேட்ட ஜனங்கள் "யாருப்பா இந்தப் பொண்ணு?" என்று கேட்டார்கள்.

எமி உழைக்காமல் வந்தவர் இல்லை. புரியாத மொழியில் உதட்டசைவு சரியாக இருக்க வேண்டும், அதோடு அழவும் சிரிக்கவும் வேண்டும். லேசான காரியமா அது? கேள்வி கேட்கணும் என்றால் கதாநாயகி என்றாலே வெள்ளைத்தோல் தான் என்று முடிவு கட்டியவர்களைக் கேட்கணும். விழுப்புரம் ஜில்லாவில் பள்ளிக்கூட ஆண்டு விழா மேடையில் வசனம் பேசி அசத்துகிற மாநிறப் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய போட்டோவும் இன்று இன்டர்நெட்டில் தான் இருக்கிறது. எந்த டைரக்டர் கண்ணிலும் படவில்லை.

ரோபோவும் அமெரிக்க டி.வி.யும்

2017-ல் அமெரிக்காவின் 'சூப்பர்கேர்ள்' டி.வி. தொடரில் எமிக்கு வாய்ப்பு வந்தது. 'சாட்டர்ன் கேர்ள்' என்ற வீரப் பெண் வேடம். விக் போட்டு ஊரை மறைக்க வேண்டாம், இரவல் குரலும் வேண்டாம்.

2018 அக்டோபரில் சிவராஜ்குமார், சுதீப்புடன் கன்னட 'தி வில்லன்'. அடுத்த மாதமே, நவம்பர் 29-ந் தேதி, ரஜினியின் '2.0'. 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவானதாக சொல்லப்பட்ட இந்தப் படத்தில் எமிக்கு 'நிலா' என்ற ரோபோ வேடம். பேச்சில் தடுமாற்றம் இருந்தாலும் ரோபோ தானே என்று விட்டுவிடலாம். 'துரையம்மா'வுக்கு அடுத்து அவருக்கு கச்சிதமாகப் பொருந்திய வேடம் இது என்பது நம்ம கணிப்பு.

பிறகு நீண்ட இடைவெளி. 2019 செப்டம்பரில் மகன் ஆண்ட்ரியாஸ் பிறந்தான். சினிமாவை ஓரமாக வைத்துவிட்டு குழந்தையோடு இங்கிலாந்தில் இருந்தார்.

மறுபடி அழைத்து வந்தவர் அதே ஏ.எல்.விஜய். 2024 பொங்கலுக்கு வந்த 'மிஷன் சாப்டர்-1' படத்தில் அருண் விஜய் கைதி, எமி லண்டன் ஜெயில் அதிகாரி சாண்ட்ரா ஜேம்ஸ். சண்டைக் காட்சிகளில் வெளுத்து வாங்கினார். பிப்ரவரியில் இந்தி 'கிராக்' படத்திலும் போலீஸ் வேடம்.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் இத்தாலியில் இங்கிலாந்து நடிகர் எட் வெஸ்ட்விக்கை கல்யாணம் செய்துகொண்டார். 2025 மார்ச்சில் 2-வது மகன் பிறந்தான். பெயர் ஆஸ்கார்.