நாள்காரர்களின் ஊர்

ஸ்பானியத் தளபதி பெட்ரோ தே அல்வராதோ 1524 மார்ச்சில் கிச்சே மாயா மக்களின் தலைநகரைப் பிடித்து, இரண்டு அரசர்களைக் கொன்றான். எரித்ததாகத் தானே கடிதத்திலும் எழுதி வைத்தான். அந்த அரசர்களின் பெயர்களைத் தமிழில் சொன்னால் ஒருவர் ‘மூன்று மான்’, இன்னொருவர் ‘ஒன்பது நாய்’. இரண்டும் நாட்களின் பெயர்கள். பிறந்த நாளே பிள்ளையின் பெயராக இருந்த காலம் அது.

பிறகு பாதிரிமார் வந்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஹுவான் ஆனார்கள், மரியா ஆனார்கள். பெயரிலிருந்து நாள் போனது. ஆனால் இன்றைய குவாத்தமாலாவின் மேற்கு மலைநாட்டில், கம்பளி நெசவுக்குப் பேர்போன மொமொஸ்தெனாங்கோ ஊரில் போய்க் கேட்டால், இன்று மானா நாயா, எத்தனையாவது மான் என்று பிசகாமல் சொல்ல இப்போதும் ஆள் இருக்கிறார்கள். கிச்சே மொழியில் அவர்களுக்கு ‘அஹ்கீஹ்’ என்று பெயர். ‘கீஹ்’ என்றால் சூரியன். அதே சொல்தான் நாளுக்கும். ‘பகல்’ என்ற சொல் பொழுதையும் பகலவனையும் குறித்த தமிழுக்கு இது புதிதல்ல. அஹ்கீஹை ‘நாள்காரர்’ என்றால் பொருந்தும்.

அவர் எண்ணுவது 260 நாள் கணக்கு. இருபது பெயர்கள், பதின்மூன்று எண்கள். இன்று ‘1 மான்’ என்றால் நாளை ‘2 விதை’, மறுநாள் ‘3 கடன்’. பதின்மூன்று முடிந்ததும் எண் ஒன்றுக்குத் திரும்பிவிடும்; பெயர் இருபதையும் முடித்துத்தான் திரும்பும். அதே எண்ணும் அதே பெயரும் மறுபடி சேர 260 நாளாகும். ஏன் 260 என்பதற்கு அறிஞர்கள் பல கணக்குச் சொல்கிறார்கள். மலைநாட்டு மருத்துவச்சிகளுக்கு அதில் குழப்பமில்லை: பிள்ளை வயிற்றில் இருக்கும் காலம் ஏறக்குறைய அதுதான். இருபதுக்கும் உடம்புதான் அளவு. கிச்சே மொழியில் இருபதைச் சொல்லும் சொல்லின் நேர்ப்பொருள் ‘ஒரு மனிதர்’. கைவிரலும் கால்விரலும் சேர்ந்தால் ஓர் ஆள்.

நம் ஊர் வாசகருக்கு உடனே பஞ்சாங்கம் நினைவுக்கு வரும். ஓரளவு சரி. ஆனால் நல்ல நேரம், ராகு காலம் என்று நாளை அளந்து பார்க்கும் பழக்கம் அங்கே இல்லை. அங்கே நாளே ஒரு பெரியவர். வேண்டுதலில் ‘ஆண்டவர்’ என்று பொருள்படும் சொல்லை முன்னால் வைத்துத்தான் நாளைக் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குணம், ஒரு வேலை. ‘கனில்’ என்ற விதை நாள் சோளத்துக்கு உரியது. ‘தோஹ்’ கடன் தீர்க்கும் நாள். கடவுளுக்கும் முன்னோருக்கும் பட்ட கடனும் அதில் சேரும். ‘ட்ஸிகின்’ என்ற பறவை நாளில் பணவரவு வேண்டி மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ‘அஹ்மாக்’ நாள் குற்றத்துக்கும் மன்னிப்புக்குமானது, இறந்தவர்களை நினைக்கும் நாள். ஒருவர் பிறந்த நாளின் குணத்தைச் சொல்ல கிச்சே மக்களிடம் ஓர் அழகான தொடர் உண்டு: ‘அவருடைய நாளின் முகம்’. இன்று உலகெங்கும் ‘மாயா நாட்காட்டியின் சக்திகள்’ என்று விற்கப்படும் சரக்கைவிட இந்த ‘முகம்’ என்ற சொல் எவ்வளவோ மேல்.

முன்னோர் இந்தக் கணக்கில் வந்துபோகும் விருந்தாளிகள் அல்லர், வீட்டுக்காரர்கள். குடும்பத் தலைமைப் பூசகருக்கு ‘சுச்கஹாவ்’ என்று பட்டம். ‘தாய்தகப்பன்’ என்று பொருள். வம்சத்துக்கென்று நிலத்தில் சிறு பலிமேடைகள் உண்டு. வீட்டில் ஒரு பெண் உண்டாகியிருந்தால், சோளம் விதைப்பதென்றால், அதற்குரிய நாளில் அந்தப் பூசகர் மேடைக்குப் போய் அங்கிருக்கும் மூத்தவர்களிடம் சேதி சொல்ல வேண்டும். கொப்பால் மரப்பிசின் புகை எழும். முன்னால் இருந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லப்படும்.

குறி கேட்க வருபவருக்காக நாள்காரர் பையை அவிழ்த்தால் உள்ளிருந்து விழுவது சிவப்பு விதைகள். ‘ட்ஸிதே’ மரத்தின் விதை அது. நம் வேலியோரம் நிற்கும் கல்யாண முருங்கையும் இதே இனம்தான். கிச்சே மக்களின் ‘போபோல் வூ’ நூலில், மனிதரைப் படைக்கும் முன் தெய்வக் கிழவனும் கிழவியும் சோளமணிகளோடு இதே விதையைப் போட்டுத்தான் குறி பார்க்கிறார்கள். நாள்காரர் ஒரு கைப்பிடி அள்ளி, நான்கு நான்காகப் பிரித்து வைத்து, அவற்றின் மேல் நாட்களை எண்ணிக்கொண்டே போவார். நடுவில் தன் உடம்பில் எங்காவது நரம்பு துடித்தால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்வார்.

விதையில் கணக்கு இருந்ததுதான் பிழைத்ததற்குக் காரணம் என்று தோன்றுகிறது. ஏடுகளில் இருந்தது பிழைக்கவில்லை. 1562 ஜூலையில், இன்றைய மெக்சிகோவின் யுகடானில், மனீ ஊரில் பாதிரியார் தியேகோ தே லாந்தா மாயா நூல்களைக் குவித்துத் தீ வைத்தார். பழைய மாயா ஏடுகளில் இன்று மிஞ்சியவை நான்கே. லாந்தாவே பிற்பாடு அந்த நாட்களின் பெயர்களை எழுதியும் வைத்தார் என்பது வரலாற்றின் குசும்பு. யுகடானில் காலனிய ஆட்சியின் போக்கில் 260 நாள் எண்ணிக்கை நின்றே போனது. மலைநாட்டில் நிற்கவில்லை. அங்கே தேவாலயத்துக்குப் போவதும் மலைமேட்டில் பிசின் எரிப்பதும் ஒரே ஆள்தான். சிச்சிகாஸ்தெனாங்கோவின் சாந்தோ தோமாஸ் தேவாலயப் படிக்கட்டில் இன்றும் சாம்பிராணிப் புகை சூழ்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

1970களில் பார்பரா டெட்லாக், டென்னிஸ் டெட்லாக் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தம்பதி மொமொஸ்தெனாங்கோவுக்கு வந்தார்கள். கேள்வித்தாளோடு வந்தவர்கள் சீடர்களாகிவிட்டார்கள். பயிற்சி முடிந்து 1976 ஆகஸ்டில், ‘8 பாட்ஸ்’ நாளில், நாள்காரர்களாக அவர்களுக்குத் தீட்சை. ‘பாட்ஸ்’ என்றால் குரங்கு, நூலிழை என்றும் பொருள். நெசவு ஊருக்கு ஏற்ற நாள். 260 நாளுக்கு ஒருமுறை வரும் அந்த நாளில் பக்லோம் குன்றிலும் மற்ற மேடைகளிலும் புதிய நாள்காரர்கள் முதல் பிசினை எரிப்பார்கள். பார்பரா 1982இல் வெளியிட்ட நூல் இத்துறையில் இன்றும் முதன்மையானது.

அதே ஆண்டுகளில் மலைநாடு ரத்தத்தில் மிதந்தது. 36 ஆண்டு உள்நாட்டுப் போரில் 2,00,000க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள் என்று ஐநா ஆதரவு பெற்ற உண்மை ஆணையம் 1999இல் சொன்னது. நாள்காரர்களும் தப்பவில்லை. மாயா ஆன்மிகத்துக்கும் சடங்கிடங்களுக்கும் மதிப்பளிப்பதாக அரசு கையெழுத்திட்டது 1995இல்தான்.

இந்தக் கணக்கு எவ்வளவு பழையது? 2022இல் வெளியான ஆய்வொன்று, குவாத்தமாலாவின் சான் பார்த்தொலோவில் கிடைத்த சுண்ணச் சுவர்த் துண்டைப் பற்றியது. அதில் ஒரு மான் தலை, மேலே ஏழைக் குறிக்கும் ஒரு கோடும் இரண்டு புள்ளியும். ‘7 மான்’. காலம் கி.மு. 300க்கும் 200க்கும் இடையில்.

இத்தனை நீண்ட கணக்கை உலகம் கண்டுகொண்டது எதற்காக? 2012 டிசம்பர் 21இல் உலகம் அழியும் என்ற புரளிக்காக. அந்தத் தேதியைத் தந்தது வேறொரு நெடுங்கணக்கு. கல்லில் அதன் கடைசித் தேதி 909ஆம் ஆண்டோடு சரி. மொமொஸ்தெனாங்கோவில் அந்த டிசம்பர் 12ஆம் தேதியே ‘8 பாட்ஸ்’ வந்தது. புதிய நாள்காரர்களுக்கான நாள் அது.

இணையத்தில் உங்கள் பிறந்தநாளின் மாயா முகத்தைத் தேடுவதானால் ஓர் எச்சரிக்கை. ஹோசே அர்குயெயஸ் என்ற அமெரிக்கர் 1990களில் பரப்பிய கணக்கு பிப்ரவரி 29ஐ எண்ணாமல் தாண்டிவிடும். மலைநாட்டுக் கணக்கோடு அது ஒட்டாது. முதலில் 2012 டிசம்பர் 21 என்று போட்டுப் பாருங்கள். ‘4 ஹுனாஹ்பு’ அல்லது ‘4 அஹாவ்’ என்று வந்தால் அது நாள்காரர்களின் கணக்கு.