மொட்டைமாடி வெப்பத்தடுப்பு

வெயில் வீட்டுக்குள் இறங்காமலிருக்கக் கூரைமேல் இடப்படும் தளம். சேலத்துக்குக் கிழக்கே, கோதண்டராமர் கோயிலுக்குப் பேர்பெற்ற அயோத்தியாப்பட்டணத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கோடை வெயிலையும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும் கூரை ஒருசேரத் தாங்க வேண்டியிருக்கிறது.

சுண்ணாம்புத் தளம்: தமிழகப் பொதுப்பணித் துறை முறைப்படி 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது. கலவையைச் சுமார் 3 அங்குலக் கனத்தில் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, அடித்த கட்டை எகிறும்வரை மரக்கட்டையால் கெட்டிப்பர். மேலே தட்டோடு பதித்து, மழைநீர்க் குழாய்ப் பக்கம் வாட்டம் கொடுப்பர். ஜல்லியின் நுண்துளைகளில் தங்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கிறது.

பிற முறைகள்: வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சும் வெண்ணிறக் குளிர் ஓடுகளும் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன, அழுக்கேறினால் பயன் குறையும். தகரக் கூரையின் கீழ் தெர்மாகோல் உட்கூரை அமைப்பதுண்டு.

தேர்வு: ஈரமேறினால் எந்தத் தடுப்பும் வலுவிழக்கும். கண்ணாடிக் கம்பளி நனைந்தால் வீண். நீர் ஏறாத அழுத்த நுரைப்பலகை அதைவிட மேல். எதை இடுமுன்னும் ஒழுக்கை அடைப்பதே முதல் வேலை.