மலைத் துவிச்சக்கர வண்டியின் பிறேக்கும் சங்கிலிமாற்றியும்: ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்ப வரலாற்றை எழுதப் புகுவோர் நீராவி எந்திரத்தையும் புகையிரதத்தையுமே பெரிதும் நாடிச் செல்வர். துவிச்சக்கர வண்டி அவர்தம் கண்ணிற் படுவது அரிது. பட்டாலும் அதன் பிறேக்கும் சங்கிலியும் திருத்துநர்க்குரிய சில்லறை விடயங்கள் என ஒதுக்கப்பட்டுவிடும். ஆயினும் ஒரு கருவி ஏன் இன்ன வடிவம் பெற்றது, சிறந்தது எதனால் தோற்றது என்னும் வினாக்களுக்கு இச்சில்லறை விடயங்கள் தரும் விடை பெரிய எந்திரங்கள் தருவதிலும் தெளிவானது என்பதே என் எண்ணம்.

பற்சில்லு பலவற்றின்மீது சங்கிலியை இடம்மாற்றும் எண்ணம் பிரான்சிலே வளர்ந்தது. சென்ற்-எத்தியேன் நகரில் வாழ்ந்த போல் டி விவி (1853 - 1930) தமது சஞ்சிகை வாயிலாக இதற்கென ஓயாது வாதாடினார். மறுபுறத்தில் தூர் டி பிரான்ஸ் போட்டியை நடத்திய ஹென்றி டெக்ராஞ், அது முதியோர்க்கும் வலியற்றோர்க்குமே உரியது என்று கருதினார். இதன் பயனாகப் பெரும் மலைகளில் ஏறிய வீரர்கள் உச்சியிலே இறங்கி, பின்சில்லைக் கழற்றித் திருப்பிப் பூட்டவேண்டியவராயினர். அச்சில்லின் இருபக்கமும் வெவ்வேறு அளவுடைய பற்சில்லுகள் இருந்தன. 1936 இல் டெக்ராஞ் நோயுற்றுப் பொறுப்பை விட்டகல, 1937 ஆம் ஆண்டுப் போட்டியிலே சங்கிலிமாற்றி அனுமதிக்கப்பட்டது. கருவி ஆயத்தமாயிருந்தும் ஒரு மனிதரின் கருத்து அதனை இத்துணைக் காலம் தடுத்து வைத்தமை கவனிக்கத்தக்கது.

மலைவண்டியின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே தடையாய் நின்றது மனிதரல்லர், பிறேக். கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்திலே 1976 ஒக்ரோபர் 21 ஆந் திகதி இளைஞர் சிலர் பழைய தடித்த ரயர் வண்டிகளிலே மலைப்பாதையொன்றில் இறங்கிப் போட்டியிட்டனர். ஏறத்தாழ 2 மைல் தூரத்தில் 1300 அடி இறக்கம். வண்டிகளில் இருந்தது மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் இயங்கும் பிறேக். அது பின்சில்லின் குடத்துள்ளே கிரீசில் தோய்ந்து கிடப்பது. ஒரே இறக்கத்தில் குடம் கொதித்து, கிரீஸ் புகையாகிப் போய்விடும். பின்னர் குடத்தைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைத்தாலன்றி வண்டி உதவாது. அவ்வாறு 'மீள அடைத்தல்' வேண்டியிருந்தமையாலேயே அப்பாதைக்கு 'றீபக்' என்ற பெயர் வந்தது. உலகில் பாதைகளுக்குப் போர்வீரரின் பெயரிடுவர். இங்கே ஒரு பழுதின் பெயர் நிலைத்துவிட்டது.

இவ்விடத்தில் ஒரு பொறிமுறை உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். சங்கிலிமாற்றி பூட்டிய வண்டியிலே சங்கிலியின் கீழ்ப்பகுதி தொய்வாக இருக்கும். அத்தொய்வை ஒரு வில் ஏந்தி நிற்கும். மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் முழு இழுவிசையும் அக்கீழ்ப்பகுதியின்மேல் விழும். வில் அதனைத் தாங்காது. ஆகவே மிதிபிறேக் உள்ளவரை சங்கிலிமாற்றிக்கு இடமில்லை. பிறேக் காலிலிருந்து கைக்கு மாறிய பின்னரே பல கியர்கள் சாத்தியமாயின. கரி பிஷர் தம் பழைய வண்டிக்குக் கைபிறேக்கும் சங்கிலிமாற்றியும் பூட்டியமை பலராலும் பேசப்படுவது. ஆனால் 1974 இலேயே மரினில் நடந்த போட்டியொன்றுக்குக் கூப்பர்ற்றீனோ இளைஞர் அத்தகைய வண்டிகளுடன் வந்திருந்தனர். முதல்வர் யார் என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், அவ்வழக்கே வீண். ஒரே மலை, ஒரே பழுது, ஒரே வகையான பழைய உதிரிப்பாகங்கள் இருந்த இடத்தில் ஒரே விடை இருவர்க்குத் தோன்றுவது இயல்பு. 1977 இல் ஜோ பிறீஸ் இதற்கெனவே புதிய சட்டகம் அமைத்தார்.

அடுத்த கட்டத்தில் வரலாறு மலையை விட்டு யப்பானியத் தொழிற்சாலைக்குச் செல்கின்றது. 1964 இல் சன்ரூர் கொம்பனி சங்கிலிமாற்றியின் இணைகரத்தைச் சாய்வாக அமைத்து ஆக்கவுரிமை பெற்றது. பற்சில்லுகள் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கப்பட்டிருக்க, அச்சரிவை ஒட்டியே வழிகாட்டும் சில்லும் நகர்ந்தமையால் இடைவெளி எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவாயிருந்தது. மாற்றம் துல்லியமாயிற்று. ஆக்கவுரிமை முடிந்த 1984 இல் ஷிமானோ அதே சாய்வைக் கைக்கொண்டு, 'கிளிக்' என்ற ஒலியோடு ஒவ்வொரு பற்சில்லுக்கும் தாவும் முறையை வெளியிட்டது. சன்ரூர் 1990 களின் நடுப்பகுதிக்குள் களத்தைவிட்டே நீங்கியது.

ஆக்கவுரிமை முடிந்ததே இவ்வீழ்ச்சிக்குக் காரணம் என்பர். அது பாதி உண்மையே. ஷிமானோ விற்றது ஓர் உறுப்பையன்று. நெம்பு, கம்பி, கம்பியுறை, சங்கிலி, பற்சில்லு யாவும் ஒன்றுக்கொன்று அளவெடுத்த ஒரு தொகுதியை. 1980 களுக்கு முன் எந்தக் கொம்பனியின் உறுப்பையும் எதனோடும் பூட்டி, கை உணர்வால் சரிசெய்யலாம். பின்னர் அவ்வுரிமை போயிற்று. துல்லியத்துக்குப் பாவனையாளர் கொடுத்த விலை இது. அதிகம் பேசப்படாத விலை.

அவ்விலையை எம் விடுதி நண்பரொருவர் அண்மையிலே செலுத்தினார். அவர் வாங்கிய பழைய இறக்குமதி மலைவண்டியின் பிறேக்கை இறுக்கினால் கட்டை விளிம்பிலே உரசும். தளர்த்தினால் பிடி கைத்தண்டைத் தொடும், வண்டி நில்லாது. இருவர் திருத்தினர், புதுக்கட்டையும் இட்டனர், பயனில்லை. காரணம் கட்டையில் இல்லை. வண்டியில் இருந்தது 1990 களின் நடுப்பகுதியில் வந்த நீண்ட கையுடைய வீ-பிறேக். அதற்குப் பழைய கன்ரிலீவர் பிறேக்கைவிட ஏறத்தாழ இருமடங்கு கம்பி இழுபடல் வேண்டும். பிடியோ பழைய பிறேக்குக்கு உரியது. யாரோ ஒருவர் இரு காலத்து உறுப்புகளை ஒரே வண்டியில் மணமுடித்து வைத்திருந்தார். பிடிகள் மாற்றப்பட்ட அன்றே வண்டி வளாகத்து இறக்கத்தில் நின்றது.

ஆனால் மேட்டில் மிதிக்கும்போது சங்கிலி வழுக்குவது நிற்கவில்லை. ஊசிக்கு ஊசி அரை அங்குலமாக 24 இணைப்புகள் 12 அங்குலம் இருத்தல் வேண்டும்; அளந்தபோது அதற்குமேல் எட்டிலொரு அங்குலம் நீண்டிருந்தது. அத்தனை நீண்ட சங்கிலி பற்களையும் தேய்த்திருக்கும்; புதுச்சங்கிலி மட்டும் இட்டால் இன்னும் மோசமாக வழுக்கும். இரண்டையும் வாங்கப் பணமில்லாமையால் நண்பர் இப்போது மேட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டே விரிவுரைக்கு வருகின்றார்.