மணலில் எழுதிய விரல்

விஜயதசமியன்று குழந்தையின் சுட்டுவிரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் 'அ' போட வைக்கிறோம். மறுநாள் அரிசி சமையலறைக்குத் திரும்பிவிடும். நம் கொள்ளுத்தாத்தாக்களுக்கு அது ஒருநாள் சடங்கு அல்ல, தினப்படிப் பாடம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தரையில் மணலைப் பரப்பி, எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவார்கள். தப்பினால் உள்ளங்கையால் ஒரு தடவு, பலகை புதுசு. கை படிந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும்.

வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. 1623இல் கர்நாடகத்து இக்கேரியில் பியேத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி இதை நின்று பார்த்தார். சில சிறுவர்கள் கணக்கை ராகம் போட்டுப் பாடியபடி மணலில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் வாத்தியார் இல்லை. ஒருவன் மறந்ததை இன்னொருவன் எடுத்துக் கொடுத்தான். 1706இல் தரங்கம்பாடியில் கப்பலிறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு வேடிக்கை பார்ப்பதோடு நிற்கவில்லை. ஒரு தமிழ் வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பொடிசுகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அரிச்சுவடி எழுதினார்.

மணலைக் கப்பலேற்றியவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் விடுதியின் பொறுப்பை ஏற்றார். அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயச் சிப்பாய்களின் பிள்ளைகள். ஒருநாள் காலையில் குதிரையில் போகும்போது 'மலபார்' பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவது கண்ணில் பட்டது. (அந்நாள் ஆங்கிலேயருக்குத் தமிழரும் மலபார்தான்.) தன் விடுதியிலும் அப்படியே செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் நடக்காத காரியம் என்று கைவிரித்தார்கள். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை அழைத்து அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதைப் பையன் முடித்துக்காட்டினான்.

பிள்ளைக்குப் பிள்ளையே வாத்தியார்! பெல்லுக்கு இது கண்டுபிடிப்பு. நம் ஊரில் அந்தப் பையனுக்குச் சட்டாம்பிள்ளை என்று ஏற்கெனவே பெயரே இருந்தது.

1797இல் லண்டனில் பெல் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயர் நிலைத்தது. அடுத்த ஆண்டே அதே ஊரின் பரோ ரோட்டில் ஜோசப் லங்காஸ்டர் என்ற குவேக்கர் கிறிஸ்தவப் பிரிவு இளைஞர் பள்ளி தொடங்கினார். மணல் யோசனை பெல்லுடையது என்று முதலில் ஒப்புக்கொண்டவர்தான். பிறகு யார் முன்னோடி என்று இரு தரப்புக்கும் பெரும் சண்டை மூண்டது. திண்ணை வாத்தியாரின் பெயரை யாரும் இழுக்கவில்லை, அவர் பெயரைத்தான் யாரும் கேட்டுவைக்கவில்லையே! லங்காஸ்டர் மணலுக்கு விளிம்பு வைத்த மேசை செய்தார், அதைச் சமன்படுத்த ஒரு தட்டைக் கருவியும் வைத்தார். ஓர் ஆசிரியரால் ஆயிரம் பேருக்குக் கற்பிக்க முடியும் என்றார். குறும்புக்காரர்களைக் கூடையில் போட்டுக் கூரையில் தொங்கவிட்டார். பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் நம் திண்ணையின் கோதண்டத் தண்டனை நினைவுக்கு வரலாம். ஆனால் கூடை அவருடைய சொந்தச் சரக்கு.

மலிவான சரக்கு வேகமாகப் போகும். லங்காஸ்டர் அமெரிக்காவுக்குப் போனார், பிறகு தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவார் அழைப்பில் கராகஸுக்குப் போனார். 1838இல் நியூயார்க் தெருவில் குதிரை வண்டியில் அடிபட்டு இறந்தார். பெல்லுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம் கிடைத்தது. அவர் பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் காலேஜ் என்றே பெயர்.

இந்த மலிவில் ஒரு ஓட்டை இருந்தது. சட்டாம்பிள்ளைக்குத் தெரிந்தது நேற்று மனப்பாடம் செய்த பாடம் மட்டும். 'ஏன்' என்று கேட்டால் விழிப்பான். அவனை மேய்க்கும் பெரியவருக்காவது முறையைச் சொல்லித்தர வேண்டியிருந்தது. பரோ ரோடு பள்ளியே ஆசிரியர் பயிற்சி நிலையமாக வளர்ந்தது அப்படித்தான். 1846இல் இங்கிலாந்து அரசு பதின்மூன்று வயதினரை ஐந்தாண்டுக்கு 'மாணவ ஆசிரியர்'களாகச் சேர்த்து, தலைமை ஆசிரியரிடம் தொழில் பழக வைத்தது. சட்டாம்பிள்ளைக்குச் சம்பளமும் தேர்வும் வந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் நியூ லனார்க்கில் ஆலை முதலாளி ராபர்ட் ஓவன் அதற்கு முன்பே, 1816இல், வேறு வழி பிடித்திருந்தார். ஆலைத் தொழிலாளர்களின் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவர் பொறுக்கியது ஜேம்ஸ் புக்கனன் என்ற நெசவாளியை. படிப்பு கொஞ்சம்தான், ஆனால் பிள்ளைகள் என்றால் உயிர். எனக்கு ஓவனின் தேர்வுதான் பிடித்திருக்கிறது.

விரலால் எழுத்தைப் பழக்கும் யோசனைக்கு இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி வந்த பாதை வேறு. பாரிஸ் மருத்துவர்களான இத்தார், செகன் ஆகியோர் வழியில் தொடு உணர்வைப் பிடித்துக்கொண்டு 1907இல் ரோமின் சான் லொரென்சோ சேரிக்கு வந்தார். எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி வழவழப்பான அட்டையில் ஒட்டினார். குழந்தை இரண்டு விரலால் எழுத்தின் போக்கிலேயே தடவும், ஆசிரியை அதன் ஒலியைச் சொல்வார். அந்த டிசம்பரில் மொட்டைமாடியில் சாக்கட்டியால் புகைபோக்கி வரைந்துகொண்டிருந்த ஐந்து வயதுப் பையன், எழுத வருகிறதே என்று கூவி, தரையில் 'மானோ' என்று எழுதினான். இத்தாலிய மொழியில் மானோ என்றால் கை.

ஆனால் அட்டை மட்டும் போதாது, தடவிக் காட்டும் விரலும் பழக வேண்டும். 1909இலேயே அவர் ஆசிரியர் பயிற்சி தொடங்கிவிட்டார். அந்தப் பயிற்சியோடுதான் 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறு வந்தார். சில மாதத் திட்டம், போர் மூண்டு 1946வரை நீண்டது. முதல் பயிற்சிக்கு ஏறத்தாழ 300 பேர் வந்தார்கள். பெல்லின் எழும்பூரிலிருந்து சில மைல் தூரத்தில், ஓலைக் கொட்டகைகளில், படித்த பெரியவர்கள் உட்கார்ந்து எழுத்தின் மேல் விரலோட்டிப் பழகினார்கள். அழுத்தாமல், அவசரப்படாமல், எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று. எழுந்து நாலு எட்டு நடந்தால் அடையாறு கடற்கரை மணல்.