லத்தீன் பூசை தமிழுக்கு மாறியது எப்போது? தேதி மாறிய திருநாட்கள் எவை? கோணான்குப்பம் மாதா கோவில் சொல்லும் கதை

விருத்தாசலம்:

விருத்தாசலம் என்றாலே பழமலைநாதர் கோவிலும், செராமிக் பொம்மைகளும்தான் ஞாபகத்துக்கு வரும். இங்கிருந்து மங்கலம்பேட்டை பக்கம் போனால் கோணான்குப்பம். சின்ன கிராமம்தான். ஆனால் ஜனவரி மாதம் பெரியநாயகி மாதா தேர் திருவிழா வந்துவிட்டால் ஊர் தாங்காது. கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லாமல் சுற்று வட்டார மக்கள் எல்லோரும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றி கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

இந்த ஆலயத்தின் தொடக்கம் இத்தாலியில் இருந்து வந்த வீரமாமுனிவரிடம் இருக்கிறது. 1680-ல் பிறந்தவர். 1710-ல் இந்தியா வந்தார். குழந்தை இல்லாமல் இருந்த முகாசாபரூர் கச்சிராயருக்கு மாதா அருளால் பிள்ளை பிறந்தது, அந்த நன்றிக்காகவே இங்கு கோவில் எழும்பியது என்பது இந்தப் பகுதி மக்களின் நம்பிக்கை. மாதாவுக்கு சேலை கட்டிய தமிழ்ப் பெண் கோலம். பெயரும் பெரியநாயகி. விருத்தாசலம் பெரிய கோவில் அம்மனுக்கும் அதே பெயர்தான்.

தேம்பாவணி தமிழில், பூசை லத்தீனில்!

வீரமாமுனிவர் 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடியவர். சதுரகராதி கொடுத்தவர். ஆனால் அவரும் பூசையை லத்தீன் மொழியில்தான் வைக்க முடிந்தது. அதுதான் ரோம் சட்டம். சாமியார் பீடத்தைப் பார்த்து, மக்களுக்கு முதுகைக் காட்டி நின்று பூசை வைப்பார். ஜனங்கள் ஜெபமாலை உருட்டிக்கொண்டு, தமிழ்ப் பாட்டு பாடிக்கொண்டு இருப்பார்கள். மணி அடித்தால் முழங்கால் போடுவார்கள். அவருக்குப் பிறகும் 200 வருஷத்துக்கு மேல் இதே கதைதான்.

1962 முதல் 1965 வரை ரோமில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. வழிபாடு பற்றிய அதன் ஏடு 1963 டிசம்பர் 4-ந் தேதி வெளியானது. அவரவர் தாய்மொழியில் பூசை வைக்கலாம் என்று கதவு திறந்தது அப்போதுதான். 1965-க்குப் பிறகு படிப்படியாக தமிழ் வந்தது. சாமியாரும் மக்களைப் பார்த்து திரும்பி நின்றார். புதிய பூசை முறை 1969 நவம்பர் 30-ந் தேதி நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவுக்கு என்றே 12 மாற்றங்களுக்கு 1969 ஏப்ரல் 25-ந் தேதி ரோம் அனுமதி கொடுத்தது. செருப்பைக் கழற்றுவது, தரையில் உட்காருவது, கைகூப்பி கும்பிடுவது, ஆரத்தி எடுப்பது, மெழுகுவர்த்திக்கு பதில் எண்ணெய் விளக்கு ஏற்றுவது எல்லாம் அதில் அடங்கும். இதற்குப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் புதுச்சேரி மறைமாவட்டத்து சாமியார் அமலோற்பவதாஸ். 1990-ல் சாலை விபத்தில் இறந்தார். இதெல்லாம் இந்து கோவில் பழக்கம் என்று கிறிஸ்தவர்களிலேயே ஒரு பகுதியினர் அப்போது கடுமையாக எதிர்த்தார்கள். அந்த வாதம் இன்னும் முழுசாக ஓயவில்லை.

சொற்களும் மாறின

பாட்டி சொல்லும் ஜெபம் பேரப்பிள்ளைக்குப் புரியாமல் போனதும் இதனால்தான். சர்வேசுரன் கடவுள் ஆனார். சம்மனசு வானதூதர் ஆனது. இஸ்பிரீத்து சாந்து தூய ஆவி ஆனார். அர்ச்சியசிஷ்ட என்பது புனித என்றானது. தபசு காலம் தவக்காலம் ஆனது. பூசை திருப்பலி ஆனது. இருந்தாலும் ஊரில் "பூசைக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்வதுதான் இன்றும் வழக்கம். கத்தோலிக்கரும் மற்ற சபையினரும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995-ல் வந்தது.

தேதி மாறிய திருநாட்கள்

1970 ஜனவரி 1 முதல் புதிய திருநாள் காலண்டர் அமலுக்கு வந்தது. முக்கிய மாற்றங்கள்:

* புனித தோமையார் திருநாள்: முன்பு டிசம்பர் 21, இப்போது ஜூலை 3.

* கிறிஸ்து அரசர் திருநாள்: 1925-ல் ஏற்படுத்தியது. அக்டோபர் கடைசி ஞாயிறாக இருந்தது, நவம்பர் பிற்பகுதிக்குப் போனது. அதோடு வழிபாட்டு ஆண்டு முடியும். அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்கும்.

* மாதா எலிசபெத்தம்மாளை சந்தித்த திருநாள்: ஜூலை 2-ல் இருந்து மே 31-க்கு மாறியது.

* மூன்று ராஜாக்கள் திருநாள் (ஜனவரி 6), வியாழக்கிழமை வந்த நற்கருணை திருநாள்: இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி கொண்டாடப்படுகின்றன.

* மே 1 தொழிலாளரான சூசையப்பர்: மே தினத்துக்கு ஈடாக 1955-ல் கொண்டுவந்த பெரிய திருநாள். 1969-ல் விருப்பப்பட்டால் கொண்டாடலாம் என்ற நிலைக்கு இறங்கியது.

காலண்டரில் இருந்து பெயரை எடுத்ததால் அவர் புனிதரே இல்லை என்று அர்த்தம் இல்லை. 1961-ல் புனித பிலோமினா பெயர் எடுக்கப்பட்டது. ஆனால் மைசூரு பிலோமினா கோவில் அதே பெயரோடுதான் நிற்கிறது.

கூலி வேலைக்காரர்களுக்கு என்ன லாபம்?

முன்பு நற்கருணை வாங்க வேண்டும் என்றால் நள்ளிரவு முதல் பச்சைத் தண்ணீர் கூட குடிக்கக் கூடாது. 1953-ல் தண்ணீருக்கு அனுமதி கிடைத்தது. மாலைப் பூசைக்கும் வழி பிறந்தது. 1957-ல் உபவாசம் 3 மணி நேரமாகவும், 1964-ல் 1 மணி நேரமாகவும் குறைந்தது. சூளையில் விடியற்காலை வேலைக்குப் போகிறவர் மாலையில் பூசை பார்க்கலாம். ஞாயிறு ஷிப்ட் உள்ளவர் சனிக்கிழமை மாலை பூசைக்குப் போனாலே கடமை முடிந்தது. சனிக்கிழமை காலையில் நடந்த ஈஸ்டர் பாஸ்கா பூசையும் 1956 முதல் எல்லா இடத்திலும் இரவுக்கு மாறியது.

சமீபத்திய மாற்றங்கள்

பெரிய வியாழன் அன்று ஆண்களின் பாதம் மட்டுமே கழுவப்பட்டது. 2016 முதல் பெண்களையும் சேர்க்கலாம். குமரி மண்ணின் தேவசகாயம் 2022 மே 15-ந் தேதி புனிதர் ஆனார். அவர் திருநாள் ஜனவரி 14. பொங்கலை ஒட்டி வருகிறது. அன்னை தெரசாவின் செப்டம்பர் 5 திருநாளை உலகப் பொது காலண்டரில் சேர்ப்பதாக 2025 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. பழைய லத்தீன் பூசைக்கு 2007-ல் தாராளமாக கிடைத்த அனுமதி, 2021 ஜூலையில் மறுபடி இறுக்கப்பட்டது.

ஈஸ்டர் தேதி மட்டும் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது? மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பவுர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரலாம். 2026-ல் ஏப்ரல் 5, 2027-ல் மார்ச் 28.

தேர் நிற்காது!

ரோமில் காலண்டரை மாற்றினால் நம்ம ஊர் திருவிழா போய்விடுமா என்ற பயம் தேவையில்லை. ஒவ்வொரு ஆலயமும் தன் பாதுகாவலர் திருநாளை பெருவிழாவாக கொண்டாடலாம் என்று அதே 1969 விதியே சொல்கிறது. பூசை மொழி மாறியது, ஜெபத்தின் சொல் மாறியது, தேதிகள் மாறின. கோணான்குப்பத்தில் ஜனவரி வந்தால் பெரியநாயகி மாதா தேர் ஏறுவது மட்டும் மாறவில்லை.