மட்டை நரம்பும் நெம்புகோலும்

1874-இல் லண்டனில் மேஜர் விங்ஃபீல்டு தம் புல்தரை டென்னிசுக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே, பிரான்சின் லியோன் நகரில் இசைக்கருவி நரம்பு செய்துவந்த பபோலா குடும்பத்தார் டென்னிஸ் மட்டைக்கும் நரம்பு திரிக்கத் தொடங்கினர். ஆங்கிலத்தில் அதற்குப் 'பூனைக்குடல்' என்னும் பொருள்பட ஒரு பெயர் வழங்குகிறது. பூனைக்கு அதில் பங்கில்லை, அக்காலத்தில் அது ஆட்டுக்குடலாகவே இருந்தது.

முற்காலத்தில் நரம்பைக் கையால் இழுத்து, தளராதிருக்கத் துளையில் குத்தூசியைச் செருகி வைப்பர். இறுக்கம் எவ்வளவு என்பது கட்டுபவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. அதை அளவுக்கு உட்படுத்தவே நரம்பு கட்டும் பொறிகள் தோன்றின.

அவற்றுள் எளியதும் மலிவானதும் பளுத்தண்டுப் பொறி. ஆர்க்கிமிடீசின் நெம்புகோல் விதியே இதற்கு அடிப்படை. நரம்பை இழுக்கும் உருளையின் ஆரம் 2.5 செ.மீ. என்றும், தண்டில் 30 செ.மீ. தொலைவில் 2 கிலோ பளு இருப்பதாகவும் கொள்வோம். தண்டின் எடையை விட்டுவிட்டால், நரம்பில் விழும் இழுவிசை 24 கிலோ. பளுவை நகர்த்தினால் விசை மாறும். தண்டு கிடைமட்டத்திலிருந்து 10 பாகை சாய்ந்தாலும் பிழை சுமார் 1.5 விழுக்காடே.

1935-இல் உருவாக்கப்பட்ட நைலான் பின்னாளில் மலிவான மட்டை நரம்பாயிற்று. இழுத்துப் பிடித்தால் அது மெல்ல நீளும். விலை கூடிய சுழல்பிடிப் பொறியில் குறித்த விசை வந்ததும் பிடி பூட்டிக்கொள்ளும். அதன்பின் நரம்பு நீண்டால் விசை குறைந்துவிடும். பளுத்தண்டோ நரம்பு நீள நீளத் தானும் தாழ்ந்து, ஏறக்குறைய அதே விசையில் இழுத்துக்கொண்டே இருக்கும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆயினும் புதிதாகக் கற்பவர் இதை வாங்கக் கூச வேண்டியதில்லை. கவ்விகள் நரம்பை நழுவவிடாமல் பிடிக்கின்றனவா என்று மட்டும் பார்த்து வாங்கட்டும்.